கோடாப் சாம்ப்ளர்: நிகழ்தகவு வகுப்பில் தாயக்கட்டைக்கு அடுத்து எடுக்க வேண்டிய கருவி

நிகழ்தகவுக்கு என்று இணையத்தில் கிடைக்கும் சிமுலேஷன்களில் பெரும்பாலானவற்றில் மாணவருக்கு இருக்கும் வேலை ஒரு பொத்தானை அழுத்துவதுதான். நாணயம் தானாகச் சுழலும், பட்டை வரைபடம் தானாக உயரும், கடைசியில் 0.5 என்று ஓர் எண் வந்து நிற்கும். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் அதே பிள்ளைகள், "நாலு தடவை தொடர்ந்து தலை விழுந்தாச்சு சார், அடுத்தது பூதான்" என்பார்கள். தரவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் ஆராய உதவும் கோடாப் (CODAP) மென்பொருளோடு வரும் சாம்ப்ளர் இந்த வகையிலிருந்து விலகி நிற்கிறது. சோதனையின் அமைப்பை இதில் மாணவரே கட்ட வேண்டும். தப்பாகவும் கட்டலாம், தப்பான அமைப்பும் மறுப்புச் சொல்லாமல் ஓடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை, பட்டறி நிகழ்தகவு (சோதனை செய்து பார்த்துக் கணிக்கும் நிகழ்தகவு) நடத்தும் எந்த ஆசிரியருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் கையால் எறிந்து பார்க்கும் பாடவேளையை விழுங்கிவிட்டு நேரடியாக இதைத் திறந்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

கோடாப்பை உருவாக்கியது கான்கார்ட் கன்சார்ஷியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1994இல் தொடங்கிய, லாபநோக்கற்ற கல்வி நிறுவனம். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதற்கு நிதி கொடுத்திருக்கிறது. முற்றிலும் இலவசம், மூலநிரலும் திறந்தது. உலாவியிலேயே ஓடுவதால் எதையும் நிறுவ வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். வேலை செய்த கோப்பைக் கணினியிலோ கூகுள் டிரைவிலோ சேமித்துக்கொள்ளலாம். புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, மேலே பிளகின்ஸ் (துணைக்கருவிகள்) பட்டியலில் சாம்ப்ளரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சின்ன சாளரம் வரும்.

அதில் மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. மிக்சர் என்பது பந்துகள் குலுங்கும் பாத்திரம். பந்துகளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அவற்றின் மேல் எண்ணோ பெயரோ எழுதலாம். ஸ்பின்னர் என்பது சுழல்தட்டு. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் மாற்றலாம். கலெக்டர், கோடாப்பில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அட்டவணையிலிருந்து வரிசைகளைச் சமவாய்ப்பாக எடுக்கும். வகுப்பு மாணவர்களின் உயரப் பட்டியலை முழுமைத்தொகுதியாக (மாதிரி எடுக்க வேண்டிய மொத்தக் கூட்டமாக) வைத்து மாதிரி எடுக்க இது உதவும். ஒரு தடவைக்கு எத்தனை எடுக்க வேண்டும், அதை எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டும், எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டுமா, எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்ற நான்கையும் நிரப்பிவிட்டுத் தொடங்கலாம்.

இந்தக் கருவியின் உயிர் அது தரும் அட்டவணையில் இருக்கிறது. தரவு மூன்று அடுக்காக விழும். இடப்பக்கம் சோதனை, நடுவில் மாதிரி, வலப்பக்கம் ஒவ்வொரு முறையும் எடுத்த பொருள். நிகழ்தகவிலும் புள்ளியியலிலும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். "ஒரு மாதிரிக்குள் இருக்கும் மதிப்புகள்" வேறு, "பல மாதிரிகளின் சராசரிகள்" வேறு என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை சொன்னாலும் குழம்பும். இங்கே அந்த இரண்டும் வெவ்வேறு அடுக்கில் கண்முன்னே நிற்கின்றன. நடு அடுக்கில் ஒரு வரியைத் தொட்டால், அதற்குச் சொந்தமான பொருள்கள் வலப்பக்கம் ஒளிரும். வரைபடத்தில் அதன் புள்ளியும் கூடவே ஒளிரும். இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இலவசக் கருவி அரிது.

தாயக்கட்டையை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். வழக்கமான கட்டையின் நான்கு பக்கங்களில் மூன்றில் 1, 2, 3 புள்ளிகள் இருக்கும், நான்காவது வெற்று. இரண்டு கட்டைகளையும் சேர்த்துக் கூட்டுவோம். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. கூறுவெளியில், அதாவது விழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலில், 16 சமவாய்ப்பு விளைவுகள். பன்னிரண்டுக்கு 1 வழி, தாயத்துக்கு (கூட்டுத்தொகை ஒன்று) 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. இரண்டு பகடைகளின் 36 விளைவுகளைவிட இது கையடக்கம். முழுப் பட்டியலையும் ஒரு நோட்டுப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

எறிவதற்கு முன்னால் ஊகத்தை எழுதி வாங்குங்கள். "ஏழு விதமான எண் விழுது, எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்புதான்" என்று ஒரு கூட்டம் சொல்லும். "பன்னெண்டு அபூர்வம், மத்ததெல்லாம் சமம்" என்று இன்னொரு கூட்டம். எழுதி வைக்காத ஊகத்தை, முடிவு தெரிந்த பிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. பிறகு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒரு ஜோடிக்கு 32 எறிதல். ஒருவர் எறிய, மற்றவர் குறிக்க வேண்டும்; ஒருவரே இரண்டையும் செய்தால் எண்ணிக்கை தவறும். 32 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 16இன் மடங்கு என்பதால் எதிர்பார்ப்பு முழு எண்ணாக வரும்: பன்னிரண்டு 2, தாயம் 4, இரண்டு 6, மூன்று 8, நாலு 6, ஐந்து 4, ஆறு 2. இருபது ஜோடி இருந்தால் மொத்தம் 640 எறிதல். தாயம் 80 இருக்க வேண்டும், திட்டவிலக்கம் (எதிர்பார்ப்பிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) சுமார் 8.4. ஆகவே 63க்கும் 97க்கும் நடுவில் எது வந்தாலும் வியப்பில்லை. ஒரு தனி ஜோடிக்கு 32 எறிதலிலும் தாயமே விழாமல் போக 1.4 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இருபது ஜோடியில் அப்படி ஒன்றாவது அமைய ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த ஜோடியைத் திரும்ப எறியச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய தரவும் கூட்டுத்தொகையில் சேர வேண்டும்.

கட்டைகளில் கோளாறு வரும். கையால் செதுக்கிய மரக்கட்டையின் குறுக்குவெட்டு சரியான சதுரமாக இருக்காது. அகலமான பக்கமும் அதன் எதிர்ப்பக்கமும் அடிக்கடி விழும். பழைய பித்தளைக் கட்டையில் விளிம்பு தேய்ந்திருக்கும். விளையாடித் தேர்ந்தவர்கள் உருட்டாமல் சறுக்கவிடுவார்கள், அது எறிதலே ஆகாது. உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, தரையில் ஒரு முழமாவது ஓடவிட வேண்டும் என்று விதி வையுங்கள். பாய் வேண்டாம், சிமெண்ட் தரையே நல்லது. கட்டை நேர்மையானதா என்று பார்க்க, ஒரே கட்டையை 80 முறை எறியுங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 முறை வர வேண்டும். 12 முதல் 28 வரை சகஜம். ஏதாவது ஒரு பக்கம் 32ஐத் தாண்டினால் அந்தக் கட்டையைத் தனியே வையுங்கள். சமவாய்ப்பு இல்லாத பொருளுக்குப் பாடம் எடுக்கும்போது அதுவே நல்ல உபகரணம்.

இதற்குப் பிறகுதான் சாம்ப்ளர். மிக்சரில் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துப் போட்ட சில பந்துகள் இருக்கும்; அவற்றை மாற்றி 0, 1, 2, 3 என்று நான்கு பந்து ஆக்க வேண்டும். ஒரு தடவைக்கு 2 பொருள், 32 முறை, திருப்பிப் போடும் முறையில். முதல் ஐந்தாறு மாதிரிகளை மெதுவான வேகத்தில் ஓடவிடுங்கள். பந்து வெளியே வருவதும் திரும்பப் போவதும், அட்டவணையில் வரி சேர்வதும் கண்ணில் பட வேண்டும். எடுத்த எடுப்பில் அதிவேகத்தில் விட்டால் எண்கள் கொட்டும். அவை எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது.

கூட்டுத்தொகைக்கு ஒரு புதிய நெடுவரிசை வேண்டும். அதை நடு அடுக்கில், அதாவது மாதிரி அடுக்கில் சேர்க்க வேண்டும். சூத்திரப் பெட்டியில் சம் (sum) செயற்கூறைப் போட்டு அதற்குள், எடுத்த பொருளின் மதிப்பு இருக்கும் அவுட்புட் (output) நெடுவரிசையைக் கொடுத்தால் போதும்; விடை 0 என்றால் 12 என்று மாற்ற இஃப் (if) செயற்கூறு. வலப்பக்க அடுக்கில் தவறுதலாகச் சேர்த்துவிட்டால், ஒரே எறிதலின் கூட்டுத்தொகை இரண்டு வரியிலும் வரும்; வரைபடத்தில் 32க்குப் பதில் 64 புள்ளிகள் நிற்கும். விகிதம் மாறாததால் பலரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். மொத்தப் புள்ளிகளை எண்ணச் சொல்வதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிட வேண்டும். வரைபடத்தில் 6க்கும் 12க்கும் நடுவில் வெற்றிடம் வரும். அச்சின் மேல் தட்டி, அதை எண்ணாக இல்லாமல் வகையாகக் கொள்ளச் சொன்னால் சரியாகிவிடும். அளவுகோல் சின்னத்தை அழுத்தி சதவீதத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

இனி, தப்பு நடக்கும் இடங்கள். இந்தக் கருவிக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட வேண்டியது இங்கேதான். "திருப்பிப் போடாமல்" என்று ஒரு குழு தேர்ந்தெடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பன்னிரண்டும் ஆறும் விழவே விழாது. இரண்டு வெற்று வர வேண்டும் என்றால் 0 போட்ட பந்தை இரண்டு முறை எடுத்தாக வேண்டும், அது உள்ளே இல்லை. கூட்டுத்தொகை மூன்று என்பதோ 25 சதவீதத்துக்குப் பதில் 33 சதவீதத்தை நோக்கி ஏறும். நீங்கள் திருத்த வேண்டாம், "கையால எறிஞ்சப்போ பன்னெண்டு விழுந்துச்சே, இங்க ஏன் காணோம்?" என்று மட்டும் கேளுங்கள். சார்பற்ற நிகழ்ச்சிகள் (ஒன்றின் விளைவு மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை) என்ற பாடத்தின் சாரம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இன்னொரு குழு ஸ்பின்னரைத் தேர்ந்தெடுத்து ஏழு சமத் துண்டுகள் போடும்: 1, 2, 3, 4, 5, 6, 12. ஊகத்தில் எழுதிய "எல்லாம் சமம்" இப்போது ஓர் இயந்திரமாக ஓடுகிறது. 640 முறை ஓட்டினால் மூன்று ஏறக்குறைய 91 முறை வரும். கை எறிதலில் வந்ததோ 160ஐ ஒட்டி. தன் நம்பிக்கையைத் தானே கட்டி, ஓட்டி, கைத்தரவோடு பொருந்தவில்லை என்று தானே கண்டுபிடிப்பதற்கு ஈடான விளக்கத்தை எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டினால் புதிய தரவு பழைய அட்டவணையிலேயே சேரும். திருப்பிப் போட்டதும் போடாததும் கலந்து, வரைபடம் எந்தக் கோட்பாட்டுக்கும் பொருந்தாமல் நிற்கும். இடது அடுக்கில் ஒவ்வொரு சோதனைக்கும் தனி எண் இருப்பதால் பிரித்துவிடலாம். ஆனாலும் மாற்றம் செய்யும் முன் தரவை அழித்துவிடுவதே பாதுகாப்பு.

அமைப்பை மறைத்துக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதியும் உண்டு. இதைத் துணிப்பைச் சோதனைக்குப் பின் பயன்படுத்தலாம். பையில் 12 சிவப்பு, 8 வெள்ளை மணிகள்; பார்க்காமல் ஒன்று எடுத்து, குறித்து, திரும்பப் போட்டு, 20 முறை. சிவப்பின் பங்கு 0.6 என்றாலும் 20 எடுப்பில் திட்டப்பிழை (மாதிரியில் வரும் பங்கு உண்மைப் பங்கிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 0.11, ஒரு குழுவுக்கு 8 சிவப்பும் இன்னொரு குழுவுக்கு 16 சிவப்பும் வரலாம். பிழையைப் பாதியாக்க 80 எடுப்பு வேண்டும், 40 போதாது. பையில் நடக்கும் தவறுகள்: மணிகளின் அளவோ வழவழப்போ சற்று மாறினாலும் விரல் கண்டுபிடித்துவிடும், போட்டதை உடனே மேலிருந்தே எடுப்பார்கள், குலுக்க மறப்பார்கள். ஒரே கடையில் ஒரே அச்சில் வாங்கிய பொத்தான்கள் மணியைவிட மேல். பையில் 20, பிறகு பூட்டிய சாம்ப்ளரில் 80, 320 என்று போகும்போது ஊகம் எப்படி இறுகுகிறது என்பதை அவர்களே வரைந்து பார்க்கட்டும். பூட்டிய பின் கடவுச்சொல்லை எங்காவது எழுதி வையுங்கள்.

எங்கே இது கைவிடும்? பெரிய எண்ணிக்கையில். பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் கடிதங்களில் பேசிக்கொண்ட சூதாட்டக் கேள்வி ஒன்று வகுப்புக்கு அருமையானது. ஒரு பகடையை 4 முறை எறிந்தால் ஒரு முறையாவது ஆறு விழ நிகழ்தகவு 0.518. இரண்டு பகடைகளை 24 முறை எறிந்தால் ஒரு முறையாவது இரட்டை ஆறு விழ 0.491. சமபந்தயம் கட்டினால் முதலாவது லாபம், இரண்டாவது நட்டம். சிமுலேஷனால் இந்த 0.491ஐ 0.5இலிருந்து பிரித்துக் காட்ட எத்தனை முறை ஓட்ட வேண்டும்? இடைவெளி 0.0086தான். 1,000 முறை ஓட்டினால் திட்டப்பிழை 0.016, அதாவது இடைவெளியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, விடை 0.5க்கு மேலும் விழும், கீழும் விழும். 10,000 ஓட்டினாலும் அரைகுறைதான். 40,000 ஓட்டினால் ஓரளவு நம்பலாம். பத்தாயிரம் முறை ஓட்டுவதற்கே 24 எறிதல் வீதம் 2,40,000 வரிகள் வேண்டும். கோடாப் அதற்கு வெகுமுன்பே திணறிவிடும். இதற்கு லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள் மேல்: ரேண்ட்பிட்வீன் (RANDBETWEEN) செயற்கூறில் 1 முதல் 36 வரை கொடுத்து, 36 வந்தால் இரட்டை ஆறு என்று கொள்ளலாம். விரிதாளில் எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் எண்கள் எல்லாம் மாறிவிடும் என்பதால், எண்ணும் முன் நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்ட வேண்டும்.

நூறு முறை ஓட்டிவிட்டு "0.53 வந்தது, ஆகவே லாபம்" என்று வகுப்பு முடிவெடுப்பதுதான் இந்தப் பாடத்தில் மிகவும் அடிக்கடி நடப்பது. கருவியின் மேல் பழி இல்லை. ஆனால் திட்டப்பிழையைத் தானாக நினைவூட்டும் எதுவும் சாம்ப்ளரில் இல்லை என்பது குறைதான்.

ஃபெட்டின் பிளிங்கோ சிமுலேஷனோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய அறிவியல், கணித சிமுலேஷன் திட்டம் ஃபெட் (PhET). பிளிங்கோவில் பந்துகள் ஆணிவரிசைகளில் இடமோ வலமோ மோதி விழுந்து ஈருறுப்புப் பரவல் (இரண்டே விளைவுள்ள சோதனையைப் பலமுறை செய்தால் வரும் பரவல்) உருவாவது அழகு. தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும், அது பெரிய வசதி. ஆனால் அங்கே மாணவர் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. வரிசைகளையும் நிகழ்தகவையும் நகர்த்தலாம், அவ்வளவுதான். ஈருறுப்புப் பரவலை அறிமுகப்படுத்த ஒரு பாடவேளை பிளிங்கோ போதும், மற்றதற்கெல்லாம் சாம்ப்ளர்.

இரண்டுமே தேவைப்படாத பாடமும் உண்டு. தொடர்ந்து ஒரே பக்கம் விழுவதைப் பற்றிய மயக்கத்தைத் தீர்க்க, பாதி வகுப்பு நாணயத்தை 20 முறை சுண்டி எழுதட்டும். மறுபாதி சுண்டாமல் மனத்தால் எழுதட்டும். உண்மையான 20 சுண்டலில் ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறையோ அதற்கு மேலோ வர 77 சதவீத வாய்ப்பு, ஐந்தோ மேலோ வர 46 சதவீதம். மனத்தால் எழுதுபவர்கள் பயந்து பயந்து மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். தாள்களைப் பார்த்தே எது எது என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இடைமுகம் தமிழில் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இது தடைதான். தேவைப்படும் ஏழெட்டுப் பொத்தான்களின் பெயரைக் கரும்பலகையில் தமிழில் எழுதிப்போட்டால் சமாளிக்கலாம். பந்துகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கைபேசித் திரையில் மூன்று அடுக்கு அட்டவணை அடங்காது; மடிக்கணினியோ மேசைக் கணினியோ வேண்டும். புரொஜெக்டரில் எழுத்து பொடியாகத் தெரிவதால், வரைபடத்தை மட்டும் பெரிதாக்கி மற்ற சாளரங்களைச் சுருக்கிவிடுங்கள். இணையம் வேண்டும் என்பதால் ஆய்வகத்தில் முதல் நாளே திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

பழகிய பிறகு ஒரு படி மேலே போக விரும்பினால், தாயம் விழும்வரை எத்தனை எறிதல் ஆகும் என்ற கேள்வியை எடுங்கள். மிக்சரில் எட்டுப் பந்து: ஒன்றில் 1, மீதி ஏழில் 0. ஒரு தடவைக்கு 40 எடுப்பு, திருப்பிப் போட்டு, 100 முறை. 4,000 வரிகளைக் கோடாப் தாங்கும். வலப்பக்க அடுக்கில் ஒரு நெடுவரிசை சேர்த்து, கேஸ்இண்டெக்ஸ் (caseIndex) என்பதைச் சூத்திரமாகக் கொடுத்தால் அது எடுப்பின் வரிசை எண்ணைத் தரும். நடு அடுக்கில் மின் (min) செயற்கூறை வைத்து, அவுட்புட் 1 ஆக இருக்கும் வரிகளில் மிகச் சிறிய வரிசை எண்ணைக் கேட்டால் முதல் தாயத்தின் இடம் கிடைக்கும். சராசரி 8ஐ ஒட்டி வரும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் 6 எறிதலுக்குள்ளேயே தாயம் விழுந்திருக்கும். வலப்பக்கம் நீளும் வால்தான் சராசரியை இழுக்கிறது. 40 எடுப்பிலும் தாயம் வராத மாதிரி இருநூற்றுக்கு ஒன்று போல வரும், அந்தக் கட்டம் வெறுமையாக நிற்கும். அதை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் விடை சற்றே குறையும் என்பதையும், ஏன் குறைகிறது என்பதையும் மாணவர்களிடமே கேட்டுவிடுங்கள்.